94-லேயே நிற்கிறதா? ஃபைபர் இணைப்பில் ரவுட்டர் மாற்ற முழுமையான வழிகாட்டி

போன வருடம் 100 எம்பிபிஎஸ் பிளானிலிருந்து 300க்கு மாறினேன். அன்று ராத்திரியே ஸ்பீடு டெஸ்ட் போட்டேன், 94 வந்தது. மறுநாள் காலையிலும் 94. கம்பெனிக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டதில் ஒரு ஆள் வந்தார், சுவரில் மாட்டியிருந்த அவர்கள் பெட்டியில் தன் லேப்டாப்பை ஒயர் போட்டு நேராகச் சொருகினார், 310 காட்டியது, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். தப்பு என் மேல். நான்கு ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கிறதே என்று ஆசையாக நான் வாங்கி வைத்திருந்த ரவுட்டரின் போர்ட்டுகள் எல்லாமே 100 எம்பிபிஎஸ் போர்ட்டுகள். அதில் என்ன பிளான் போட்டாலும், தரவோடு சேர்ந்து போகும் முகவரிக் குறிப்புகள் (ஹெடர்) போக 94தான் கைக்கு வரும். அட்டைப்பெட்டியில் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டுத்தான் இருந்தது, நான்தான் ஆன்டெனாவை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதனால் இந்த வழிகாட்டியில் ரவுட்டர் வாங்கும் கட்டம் கொஞ்சம் தள்ளித்தான் வரும். எங்கே இடறுகிறது என்று தெரியாமல் மாற்றினால் காசுதான் வீண்.

பெட்டி ஒன்று, வேலை இரண்டு

வீட்டுக்குள் வரும் மெல்லிய ஃபைபர் ஒயர் போய்ச் சேரும் பெட்டிக்கு ஓஎன்டி என்று பெயர், ஓஎன்யு என்றும் சொல்வார்கள். ஒளியை மின்சாரச் சமிக்ஞையாக மாற்றுவது அதன் வேலை. நம்மூரில் வீடுகளுக்கு வரும் இணைப்புகள் பெரும்பாலும் ஜிபான் என்ற வகை: இறங்குவதற்கு 2.5 ஜிபிபிஎஸ், ஏறுவதற்கு 1.25 ஜிபிபிஎஸ், அதை ஒளியைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீடுகள் வரை பகிர்ந்துகொள்ளும். எக்ஸ்சேஞ்சில் இருக்கும் கருவி உங்கள் ஓஎன்டியை அதன் சீரியல் எண்ணை வைத்துத்தான் அடையாளம் காணும். ஆகவே கடையில் ஏதோ ஒரு ஓஎன்டியை வாங்கிவந்து சொருகினால் வேலை செய்யாது, கம்பெனிக்காரர் பதிவு செய்ய வேண்டும். பிஎஸ்என்எல் வாடிக்கையாளர்கள் சொந்தமாக ஓஎன்டி வாங்கி, சீரியல் எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்துகொள்ளும் வழக்கம் உண்டு. மற்றபடி அதைத் தொடாமல் விடுவதே நல்லது.

இரண்டாவது வேலை ரவுட்டர் வேலை. வைஃபை கொடுப்பது, போனுக்கும் டிவிக்கும் ஐபி முகவரி பிரித்துக் கொடுப்பது, பயனர் பெயர் போட்டு உள்ளே நுழைவது எல்லாம் அது. இன்றைக்குக் கம்பெனி தரும் பெட்டிகளில் பெரும்பாலும் இந்த இரண்டு வேலையும் ஒரே டப்பாவுக்குள் இருக்கும். நாம் மாற்றப் போவது இரண்டாவதை மட்டும். பழைய டப்பாவை எடுத்துவிட்டுப் புது ரவுட்டரில் ஃபைபரைச் சொருக முடியுமா என்று கேட்பவர்கள் நிறையப் பேர். முடியாது, சாதாரண வீட்டு ரவுட்டரில் அதற்கான ஓட்டையே இருக்காது.

முதலில் சோதனை

ஒரு லேப்டாப்பும் ஒரு நல்ல லேன் ஒயரும் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனிப் பெட்டியின் லேன் போர்ட்டில் சொருகி, லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிட்டு வேகம் பாருங்கள். பிளான் வேகம் வந்தால் வெளியே எல்லாம் சரி, பிரச்சினை வீட்டுக்குள். 94க்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் எங்கேயோ ஒரு 100 எம்பிபிஎஸ் போர்ட்டு இருக்கிறது. கம்பெனிப் பெட்டியிலேயே சிலவற்றில் ஒரு போர்ட் மட்டும் கிகாபிட்டாகவும் (1000 எம்பிபிஎஸ்) மீதி எல்லாம் 100 ஆகவும் இருக்கும், போர்ட்டை மாற்றிப் பாருங்கள். இல்லையென்றால் ஒயரைச் சந்தேகப்படுங்கள். கிகாபிட் ஓட எட்டுக் கம்பிகளும் வேண்டும். அவசரத்தில் நான்கு கம்பியை மட்டும் கிரிம்ப் செய்துவிட்டுப் போகிற ஆட்கள் உண்டு, அந்த நான்கோடு 100தான் ஓடும். கண்ணாடி மாதிரி இருக்கும் முனைக்குள் உற்றுப் பார்த்தால் எத்தனை நிறக் கம்பி என்று எண்ணிவிடலாம்.

ஒயரிலேயே வேகம் ஏறி இறங்கினால் ஓஎன்டியின் அமைப்புப் பக்கத்துக்குள் (நுழையும் முகவரி கீழே வருகிறது) போய் ஆப்டிகல் பவர் என்ற இடத்தைப் பாருங்கள். வாங்கும் ஒளியின் அளவு -15 முதல் -25 டிபிஎம் வரை இருந்தால் கவலையில்லை. -27, -28 என்று போனால் எங்கேயோ ஃபைபர் மடங்கியிருக்கிறது அல்லது இணைப்பில் அழுக்கு, லைன்மேனைத்தான் கூப்பிட வேண்டும். அதற்கு ரவுட்டர் மாற்றுவது தலைவலிக்குச் செருப்பு மாற்றுகிற மாதிரி.

ஒயரில் சரி, வைஃபையில் மோசம் என்றால் இரண்டு இடத்தில் சோதியுங்கள்: பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒன்று, கடைசி அறையில் ஒன்று. பக்கத்திலேயே மோசமென்றால் பெட்டியின் வைஃபை பழசு, அல்லது போன் வேகம் குறைந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் நன்றாக வந்து கடைசி அறையில் மட்டும் செத்துப்போனால் அது சுவரின் பிரச்சினை. கான்கிரீட்டையும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரையும் மூன்று தாண்டிப் போய் வேலை செய்யும் ரவுட்டரை நான் இதுவரை பார்த்ததில்லை, விலை எதுவாக இருந்தாலும். அங்கே இன்னொரு பெட்டி வைப்பதுதான் வழி.

எதை வாங்குவது

முதல் நிபந்தனை, எல்லாப் போர்ட்டும் கிகாபிட்டாக இருக்க வேண்டும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஏசி (வைஃபை 5) 1200 என்று போட்டிருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி 1200 ஆக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம், போர்ட்டைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ஒரே கம்பெனியின் ஆர்ச்சர் சி50, சி6 இரண்டுமே ஏசி 1200 வகைதான், முதலாவதில் போர்ட்டுகள் 100, இரண்டாவதில் கிகாபிட்.

இரண்டாவது, வைஃபை 6 போதும். வைஃபை 6இல் இரண்டு ஆன்டெனா உள்ள ஒரு போன் 80 மெகாஹெர்ட்ஸ் சானல் அகலத்தில் 1201 எம்பிபிஎஸ் என்று இணையும், கையில் கிடைப்பது 700, 800. ஏஎக்ஸ் (வைஃபை 6தான்) 3000 என்ற பெட்டியில் 160 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 2402 வரும் என்று போட்டிருப்பார்கள், உங்கள் போனும் 160 பேசினால்தான் அது. 300 எம்பிபிஎஸ் பிளான் வைத்திருப்பவருக்கு ஏஎக்ஸ் 1500 தாராளம். கிகாபிட் பிளான்காரர் ஏஎக்ஸ் 3000 பக்கம் போகலாம். வைஃபை 7 என்று பளபளவென்று எழுதியிருந்தால் 6 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ உண்மையிலேயே உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள், வெறும் 2.4, 5 மட்டும் உள்ள வைஃபை 7 பெட்டிகளும் விற்கிறார்கள்.

பெரிய வீடு, மாடி வீடு என்றால் மெஷ் (சேர்ந்து ஒரே வைஃபையைத் தரும் பல பெட்டிகள்) வாங்கலாம். ஆனால் இரண்டு மெஷ் பெட்டிகளுக்கு நடுவே ஒரு லேன் ஒயர் இழுக்க முடியுமென்றால் இழுத்துவிடுங்கள், ஜன்னல் ஓரமாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. ஒயரில்லாத சாதாரண மெஷ்ஷில் நடுப் பெட்டி ஒரே ரேடியோவில் வாங்கி அதையே திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். கேட் 6 ஒயர் வாங்குங்கள், கேட் 5இ இருந்தாலும் 100 மீட்டர் வரை கிகாபிட் ஓடும்.

கழற்றும் முன் போட்டோ எடுங்கள்

இந்த ஒரு கட்டத்தைத் தாவினால் இரண்டு நாள் நெட் இல்லாமல் உட்கார வேண்டியிருக்கும். கம்பெனிப் பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் போட்டோ எடுங்கள். அதில் உள்ளே நுழையும் முகவரியும் கடவுச்சொல்லும் இருக்கும். முகவரி பெரும்பாலும் 192.168.1.1, சில ஹுவாவே பெட்டிகளில் 192.168.100.1, ஜியோஃபைபரில் 192.168.29.1. உள்ளே போய் வான் (WAN, வெளி இணைப்பு) என்ற பக்கத்தை முழுதாகப் படம் எடுங்கள். இணைப்பு வகை பிபிபிஓஇயா (PPPoE, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைவது) அல்லது தானாக ஐபி வாங்குவதா, விலான் (VLAN, ஒரே ஒயரில் ஓடும் சேவைகளைப் பிரிக்கும் எண்) எண் என்ன, பயனர் பெயர் என்ன என்பதெல்லாம் அதில்தான். விலான் எண் ஊருக்கு ஊர் மாறும், யூடியூபில் யாரோ சொன்ன எண்ணைப் போடாதீர்கள், உங்கள் பெட்டியில் இருப்பதுதான் உங்களுக்குச் சரி. பிபிபிஓஇ கடவுச்சொல் அங்கே புள்ளிப் புள்ளியாக மறைந்திருக்கும், வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தோ உள்ளூர் ஆளிடம் கேட்டோ முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

அப்புறம், பின்பக்கம் ஊசி குத்தும் ஓட்டை இருக்கிறதே, ரீசெட், அதைக் குத்தாதீர்கள். கம்பெனிக்காரர் போட்டுவைத்த அமைப்பு முழுக்க அழிந்துபோகலாம். சில கம்பெனிகள் தூரத்திலிருந்தே திரும்ப ஏற்றிவிடும், சிலவற்றில் ஆள் வந்தால்தான் உண்டு.

எந்த வழியில் இணைப்பது

எல்லாருக்கும் எளிது, புது ரவுட்டரை அக்சஸ் பாயின்ட் மோடில் போட்டு, கம்பெனிப் பெட்டியின் லேன் போர்ட்டிலிருந்து ஒரு ஒயர் கொடுப்பது. ஐபி பிரிப்பதைப் பழைய பெட்டியே செய்யும், புதியது வைஃபை மட்டும் தரும். பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள், வேலை முடிந்தது. வைஃபை மட்டும்தான் உங்கள் குறை என்றால் இதற்கு மேல் போகத் தேவையே இல்லை. ஜியோஃபைபரில் பயனர் பெயர், கடவுச்சொல் என்று கையில் எதுவும் தருவதில்லை, அங்கே பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான். கம்பெனியின் செட் டாப் பாக்ஸ் இருந்தால் அதைக் கம்பெனிப் பெட்டியிலேயே இருக்க விடுங்கள்.

இரண்டாவது வழி, புதியதை ரவுட்டர் மோடிலேயே விட்டு வான் போர்ட்டில் ஒயர் கொடுப்பது. இதில் ஒரு ரவுட்டருக்குப் பின்னால் இன்னொரு ரவுட்டர் நிற்கும். படம் பார்க்க, மீட்டிங் பேச ஒன்றும் தெரியாது, ஆனால் சில ஆன்லைன் விளையாட்டுகளும் வீட்டுக் கேமராவை வெளியிலிருந்து நேராகத் திறப்பதும் முரண்டு பிடிக்கும். முக்கியமாக இரண்டு பெட்டிக்கும் முகவரி 192.168.1.1 ஆகவே இருந்தால் இரண்டும் குழம்பி ஒன்றுமே ஓடாது. புதியதன் முகவரியை 192.168.50.1 மாதிரி ஏதாவது மாற்றி வையுங்கள்.

மூன்றாவது பிரிட்ஜ் மோட். கம்பெனிப் பெட்டி வெறும் ஓஎன்டியாக ஆகிவிடும், மற்ற எல்லாம் உங்கள் ரவுட்டர் கையில். பெற்றோர் கட்டுப்பாடு, விபிஎன், ஒவ்வொரு கருவிக்கும் வேக அளவு என்று ஏதாவது செய்ய ஆசை உள்ளவர்களுக்கு இதுதான். பிபிபிஓஇ தரும் கம்பெனிகளில் சுலபம். ஏர்டெல்லில் ஊரையும் பெட்டி மாடலையும் பொறுத்தது, சேவை மையத்தில் கேட்டால் சொல்வார்கள்.

பிரிட்ஜ் மாற்றும் நாள்

ஞாயிற்றுக்கிழமை மாலை செய்யாதீர்கள், ஏதாவது ஆனால் ஆள் கிடைக்கமாட்டார். வேலை நாள் காலை பத்து மணி உத்தமம். போனில் மொபைல் டேட்டா இருக்கிறதா பாருங்கள்.

புது ரவுட்டரை முதலில் நெட் இல்லாமலே மேசையில் வைத்து அமைத்து முடியுங்கள். நிர்வாகக் கடவுச்சொல், வைஃபை பெயர், மேலே சொன்ன 192.168.50.1 எல்லாம். வான் பக்கத்தில் பிபிபிஓஇ தேர்ந்தெடுத்துப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போடுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து கவனம். எம்டியு (ஒரு தடவையில் அனுப்பும் தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவு) 1492 என்று இருக்க வேண்டும், 1500இல் பிபிபிஓஇ எட்டு பைட் சாப்பிட்டுவிடும். 1500 என்று விட்டால் பெரும்பாலும் ஓடும், ஆனால் சில தளங்கள் மட்டும் பாதியில் தொங்கும், காரணமே பிடிபடாது.

பிறகு ஓஎன்டிக்குள் போய் வான் வகையை ரவுட் என்பதிலிருந்து பிரிட்ஜ் ஆக மாற்றி, அதே விலான் எண்ணை விட்டு, எந்த லேன் போர்ட் வழியாக என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இந்த மெனு பலருக்குத் திறக்காது, அப்போது கம்பெனியிடம் சொன்னால் அவர்களே தூரத்திலிருந்து மாற்றுவார்கள். அந்த லேன் போர்ட்டிலிருந்து ரவுட்டரின் வான் போர்ட்டுக்கு ஒயர். விலானை ஓஎன்டியே பார்த்துக்கொள்வதால் ரவுட்டரில் மறுபடி போட வேண்டாம், சில இடங்களில் மட்டும் ரவுட்டரிலும் கேட்கும். ஓஎன்டியில் லேண்ட்லைன் போன் சொருகியிருந்தால் அது அப்படியே இருக்கட்டும், அது தனி விலானில் ஓடும், நீங்கள் அந்த வரியைத் தொடாமல் இருந்தால் போதும்.

இரண்டையும் அணைத்து, முதலில் ஓஎன்டியைப் போட்டு அதன் பான் விளக்கு நிலையாக எரிந்த பிறகு ரவுட்டரைப் போடுங்கள். ஏறவில்லையென்றால் பதறாதீர்கள். பழைய பெட்டியின் லாகின் எக்ஸ்சேஞ்சில் இன்னும் உயிரோடு இருக்கும், ஒரு கணக்குக்கு ஒரு லாகின்தான். எல்லாவற்றையும் ஒரு கால் மணி நேரம் அணைத்து வைத்து டீ குடித்துவிட்டு வந்து போடுங்கள். அதற்கும் வராவிட்டால் கம்பெனி பழைய பெட்டியின் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி அடையாள எண்) உங்கள் கணக்கோடு கட்டிவைத்திருக்கலாம். ரவுட்டரில் மேக் குளோன் என்ற இடத்தில் பழையதன் முகவரியைப் போடுங்கள், அல்லது புதியதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

இந்த வேலையில் ஃபைபர் ஒயரைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. பெட்டியை நகர்த்தத்தான் வேண்டுமென்றால் சின்ன வளையமாக மடக்காதீர்கள், முனையைத் துணியால் துடைக்காதீர்கள், எரிகிற இணைப்பின் முனைக்குள் பார்க்காதீர்கள், அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. பச்சை முனை எட்டு டிகிரி சாய்வாகத் தீட்டியது, நீல முனையோடு அது பொருந்தாது. எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை என்று பொருள், அதற்கு மேல் நம் கையில் ஒன்றுமில்லை.

வந்த பிறகு

ரவுட்டரின் வான் ஐபியைப் பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் பிரிட்ஜ் ஆகவில்லை, இன்னும் ரவுட்டருக்குப் பின்னால் ரவுட்டர்தான். 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால் கம்பெனி ஒரே பொது ஐபியைப் பலருக்குப் பங்கு போடுகிறது, இதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது, நிலையான ஐபி காசு கொடுத்து வாங்கலாம். அதனாலேயே ஐபிவி6ஐ (புது வகை முகவரி, இதில் இப்படிப் பங்கு போடத் தேவையில்லை) மறக்காமல் ஆன் செய்யுங்கள், புது ரவுட்டர்கள் பலவற்றில் அது அணைந்தே வரும்.

உடனே ஃபர்ம்வேரை (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள்) புதுப்பியுங்கள். டபிள்யூபிஎஸ் (பட்டன் அழுத்தி வைஃபையில் சேர்ப்பது), வெளியிலிருந்து நிர்வகிப்பது இரண்டையும் அணையுங்கள்.

வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் பழைய பெட்டியில் இருந்தது போலவே எழுத்து பிசகாமல் வைத்தால் டிவி, பிரிண்டர், மாமியாரின் போன் எல்லாம் தானாக ஒட்டிக்கொள்ளும். இது தெரியாமல் முதல் தடவை பதினாறு கருவிகளுக்கு ஒவ்வொன்றாக உட்கார்ந்து கடவுச்சொல் அடித்தேன். பாதுகாப்பு டபிள்யூபிஏ2, 3 கலந்த மோட் இருக்கட்டும், வெறும் 3 வைத்தால் பழைய கருவிகள் உள்ளே வராது. ஸ்மார்ட் பல்பு, கேமரா போன்றவை பெரும்பாலும் 2.4 மட்டுமே பேசும், அவற்றைச் சேர்க்கும்போது 5ஐச் சற்று நேரம் அணைத்து வைத்தால் தகராறில்லை.

2.4இல் 1, 6, 11 ஆகிய மூன்று சானலில் ஒன்று, அகலம் 20. அபார்ட்மென்ட்டில் 40 வைப்பது பக்கத்து வீட்டோடு சண்டைக்குப் போவதுதான். 5இல் 36 முதல் 48 வரை அல்லது 149 முதல் 161 வரை, அகலம் 80. நடுவில் இருக்கும் 52 முதல் 144 வரை ரேடாரோடு பகிர்ந்துகொள்ளும் பகுதி, ரவுட்டர் அதில் ஏறும் முன் ஒரு நிமிடமாவது காது கொடுத்துக் கேட்கும், ரேடார் சத்தம் வந்தால் பாதியில் இடம் மாறும். 160 அகலம் போட்டால் பெரும்பாலும் 36இலிருந்து 64 வரை நீளும், அதில் பாதி இந்த ரேடார் பகுதி.

இடமும் கரண்ட்டும்

ரவுட்டரை டிவிக்குப் பின்னால், ஷோகேஸ் கண்ணாடிக்குள், இரும்பு பீரோ மேல் வைக்காதீர்கள். ஃபைபர் வாசலோரம் வந்து இறங்கியிருந்தால் ஓஎன்டி அங்கேயே இருக்கட்டும், லேன் ஒயரை நீட்டி ரவுட்டரை வீட்டின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு பெட்டியாகப் பிரித்ததால் கிடைக்கும் பெரிய லாபமே இதுதான்.

ஃபைபர் வழியில் இருக்கும் ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே வேண்டாம், அதனால் தெருவில் கரண்ட் போனாலும் எக்ஸ்சேஞ்சில் பேட்டரி இருந்தால் ஒளி வந்துகொண்டேதான் இருக்கும். நம் பெட்டிகள் அணைவதால்தான் நெட் போகிறது. 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கி ஓஎன்டி, ரவுட்டர் இரண்டையும் அதில் போடுங்கள். ஓஎன்டி 1 ஆம்பியர், ரவுட்டர் 1.5 ஆம்பியர் என்று அடாப்டரில் இருந்தால் யுபிஎஸ் 2.5 ஆம்பியராவது தர வேண்டும். வோல்ட் கட்டாயம் ஒத்துப்போக வேண்டும், 9 வோல்ட் ரவுட்டர்களும் அதே பின்னோடு வருகின்றன.

கம்பெனிக்குச் சொந்தமான பெட்டியையும் அடாப்டரையும் பரணில் போட்டுத் தொலைத்துவிடாதீர்கள், இணைப்பைத் துண்டிக்கும் நாளில் இரண்டையும் கேட்பார்கள். என்னுடைய அந்த நான்கு ஆன்டெனா ரவுட்டர் இப்போது மொட்டை மாடி அறையில் அக்சஸ் பாயின்ட்டாக ஓடுகிறது. அங்கே துணி காயப்போடும்போது பாட்டு கேட்க 94 தாராளம்.